வயிற்றுத் தோல் அறுவைக்குப் பின் தையலோரம் கறுக்கிறது: ஆக்சிஜன் சேம்பர் உதவுமா?

காவிரிக்கரை:
இரண்டு பிரசவங்களுக்குப் பின் தளர்ந்துபோன வயிற்றுத் தோலை நீக்கி இறுக்கும் அறுவை சிகிச்சை என் மனைவிக்கு நடந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளும் தையலின் இரு முனைகளும் நன்றாகவே இருக்கின்றன. நடுவில், தொப்புளுக்கு நேர்கீழே மட்டும், இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கத்தரிப்பூ நிறமாக மாறியிருக்கிறது. மருத்துவர் வெளியூரில் இருக்கிறார். கிளினிக்கின் வரவேற்பு மேசையிலோ, 'பத்து முறை ஆக்சிஜன் சேம்பர்' என்று ஒரு தொகுப்பைக் கொடுத்து முன்பணம் கேட்கிறார்கள். ஜிப் வைத்த கூடாரம் போன்ற சாதனம், அழுத்தம் 1.3 வளிமண்டலம் என்று துண்டறிக்கையில் இருக்கிறது. இதனால் உண்மையில் பயன் உண்டா? அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. நான் வீட்டுக்குள் புகைப்பவன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேம்பர் பிரிவு ஊழியர்:
முதலில் அந்தக் கூடாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரணக் காற்றை 1.3 வளிமண்டல அழுத்தத்தில் (வெளியே இருப்பது 1) சுவாசிப்பது, வெளியே 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மருத்துவமனைக் கட்டிலில் மாட்டிவிடும் முகமூடியே இதைவிட அதிகமாகத் தரும். நாங்கள் செய்யும் சிகிச்சையில் அழுத்தம் 2 முதல் 2.5 வளிமண்டலம் வரை இருக்கும். நோயாளி தூய ஆக்சிஜனைச் சுமார் 90 நிமிடம் சுவாசிப்பார். அப்போது சிவப்பணுக்களை நம்பியிராமல், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் கரைந்து செல்கிறது. சாதாரண நிலையில் 100 மி.லி. இரத்தத்தில் 0.3 மி.லி. மட்டுமே கரைந்திருக்கும் ஆக்சிஜன், 3 வளிமண்டலத்தில் ஏறத்தாழ 6 மி.லி. ஆகிவிடும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் பூரேமா என்ற அறுவை நிபுணர், பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் அகற்றிய பிறகும் அவற்றைச் சேம்பருக்குள் உயிரோடு வைத்திருந்து இதைக் காட்டினார். நுண்குழாய்களில் சிவப்பணுக்கள் நெருக்கித் தேங்கும் இடத்திலும் பிளாஸ்மா கசிந்து செல்லும் என்பதுதான், இரத்த ஓட்டம் குறைந்து நொந்த தோலுக்கு இதனால் கிடைக்கும் நன்மை.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:
மேலே உள்ளவர் சொன்ன இயற்பியல் சரியே. ஆனால் சேம்பரைப் பற்றி யோசிப்பதற்கு முன் இன்றே, நாளைக்கல்ல, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அந்த இடத்தை நேரில் பார்த்தாக வேண்டும். மேல்வயிற்றிலிருந்து கீழே இழுத்துத் தைத்த தோலுக்கு, இரத்தம் வந்து சேரும் கடைக்கோடி அந்த நடுப்பகுதிதான்; இழுவிசையும் அங்கேதான் அதிகம். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்புகிறதென்றால் இரத்தம் வெளியேற முடியாமல் தேங்கியிருக்கிறது. வெளிறியே நிற்கிறதென்றால் உள்ளே வரவில்லை. அடியில் இரத்தக்கட்டு இருக்கிறதா, இடுப்புப்பட்டை இறுகிவிட்டதா, தையலைச் சற்றுத் தளர்த்த வேண்டுமா என்பதெல்லாம் கையால் தீர்க்கவேண்டிய விஷயங்கள். இவற்றை எந்தச் சேம்பரும் தீர்க்காது. அதுவரை முதுகை நிமிர்த்திப் படுக்க வைக்காதீர்கள். தலைமாட்டை உயர்த்தி, முழங்காலுக்கடியில் தலையணை கொடுங்கள்.

நொந்துபோன தோல் ஒட்டுக்கும் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோல்) மடலுக்கும் (இரத்த ஓட்டம் அறுபடாமல் நகர்த்தித் தைத்த தோல்; உங்கள் மனைவியுடையதும் அதுதான்) இச்சிகிச்சை ஏற்கப்பட்ட ஒன்று; 1967இல் லான்செட் மருத்துவ இதழில் பெரின்ஸ் என்பவர் வெளியிட்ட 48 நோயாளிகளின் ஆய்வில், சேம்பரில் வைத்தவர்களில் 64 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும் ஒட்டு முழுமையாகப் பிடித்தது. அது தோல் ஒட்டைப் பற்றிய சிறிய, பழைய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஆறிவரும் காயத்துக்குத் தொகுப்பு விற்பதற்கு எனக்குத் தெரிந்தவரை நியாயம் இல்லை. ஆனால் தோல் திணறுவது உண்மையானால் சீக்கிரம் தொடங்குவதே நல்லது. முற்றிலும் செத்துக் கறுத்த தோலை ஆக்சிஜன் உயிர்ப்பிக்காது. புகை விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன், ஆனால் நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் சேர்த்திதான்.

வைகைப் பெண்:
கால் விபத்துக்குப் பின் வைத்த தோல் மடலுக்காக இருபது முறை உள்ளே போய் வந்தவள் நான். கதவை மூடியதும், விமானம் இறங்கும்போது போலக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்வார்கள். வயிற்றில் தையல் உள்ளவர் அப்படி முக்கக் கூடாதே என்று நினைக்கிறேன், தண்ணீரை மிடறு மிடறாக விழுங்கினாலும் காது திறந்துகொள்ளும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்ததால் முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கடைசி வாரத்தில் பேருந்துப் பலகை மங்கலாகத் தெரிந்தது. சில வாரங்களில் பார்வை பழையபடி வந்துவிட்டது.

சேம்பர் பிரிவு ஊழியர்:
உள்ளே எண்ணெயும் கைப்பேசியும் கூடாது என்பது வெறும் கெடுபிடி அல்ல; 1997இல் மிலானில் ஒரு சேம்பருக்குள் பற்றிய தீயில் 11 பேர் இறந்தார்கள். பருத்தி ஆடை மட்டுமே அணிய வேண்டும். காயத்தில் வாசலின் தடவிய கட்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, அதற்குச் சிகிச்சை பெறாத நோயாளியை உள்ளே விடவே கூடாது. அதனால் மார்பு எக்ஸ்ரே கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

காவிரிக்கரை:
நேற்றிரவே வேறொரு மருத்துவமனையில் காட்டினோம். பட்டை இறுகியிருந்தது, அதைத் தளர்த்தி, நடுவில் மூன்று தையல்களையும் எடுத்தார்கள். காலையில் நிறம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது; ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காக 2.4 வளிமண்டலத்தில் சேம்பர் சிகிச்சை இன்று மாலை தொடங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கூடாரத்துக்கு முன்பணம் கட்டவில்லை.