ஒலிம்பிக் நல்லபடியாக முடிந்தும் ரியோ மேயரின் ஆள் மூன்றாம் இடம் போனது எப்படி?

பூத்ஸ்லிப் கேட்டது:

ரியோ டி ஜெனீரோவில் 2016 ஆகஸ்ட் 5 முதல் 21 வரை ஒலிம்பிக். அக்டோபர் 2 அன்று மேயர் தேர்தலின் முதல் சுற்று (யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் இரண்டாம் சுற்று). நடுவில் ஆறு வாரம்தான். போட்டிகளும் பயந்த அளவுக்குச் சொதப்பவில்லை. இரண்டு தவணை தொடர்ந்து இருந்துவிட்டதால் மேயர் எடுவார்டோ பாயிஸ் நிற்க முடியாது. அவர் கைகாட்டிய பெட்ரோ பாவுலோ 16.1 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்தார், இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை. 2012இல் இதே பாயிஸ் முதல் சுற்றிலேயே 64.6 சதவீதத்தில் ஜெயித்தவர்.

போட்டி நடத்தினால் ஓட்டு விழும் என்பது சும்மா பேச்சா? வேறு நகரங்களில் எப்படி? பூத் வாரியான எண்களை வைத்து இதைச் சோதிக்க வழி உண்டா?

(நம்மூர் மேயரை மனதில் வைத்துப் படிக்க வேண்டாம். ரியோ மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நகரத்தின் பட்ஜெட் அவர் கையில்.)

---

கணக்குப்பிள்ளை:

முதலில் காலண்டரைப் பாருங்கள். பாதி பதில் அதில் இருக்கிறது.

பிரேசில் தேர்தல் சட்டப்படி, வாக்குப்பதிவுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வேட்பாளர்கள் அரசுப் பணிகளின் திறப்பு விழாவில் தலைகாட்டக் கூடாது. மாநகராட்சியும் தன் சாதனை விளம்பரங்களை நிறுத்திவிட வேண்டும். 2016க்கு அந்தக் கெடு ஜூலை 2. ஒலிம்பிக்குக்காகக் கட்டிய டிரான்ஸ் ஒலிம்பிகா பேருந்துத் தடம் திறந்தது ஜூலையில். அதாவது ரிப்பன் வெட்டும் நேரத்தில் வேட்பாளர் பக்கத்தில் நிற்க முடியாது. நகர மையத்து டிராம் ஜூன் 5இல் ஓடத் தொடங்கியதால் தப்பித்தது.

பிரச்சாரமே ஆகஸ்ட் 16இல்தான் தொடங்கியது, அதுவும் போட்டிகளின் நடுவில். முந்தைய வருடம் சட்டத்தை மாற்றி 90 நாள் பிரச்சாரத்தை 45 நாளாகக் குறைத்திருந்தார்கள். ஊரே நீச்சலையும் கால்பந்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேயர் வேட்பாளரை யார் கவனிப்பார்கள்? கம்பெனிகள் நன்கொடை தருவதையும் 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தடைசெய்துவிட்டது. மைதானம் கட்டிய ஒப்பந்தக்காரர்களின் பணம் நேர்வழியில் வர வாய்ப்பில்லை.

இதையே 2012ஓடு ஒப்பிடுங்கள். டிரான்ஸ் ஓஎஸ்தே தடம் அந்த வருடம் ஜூனில் திறந்தது: தடைக்கெடு தொடங்க ஒரு மாதம் முன்பு, வாக்குப்பதிவுக்கு நாலு மாதம் முன்பு. மேற்குப் பகுதி ஜனங்கள் புது பஸ்ஸில் ஏறி, வேகத்தை உணர்ந்து, அந்த நினைவோடு ஓட்டுப் போட்டார்கள். ஒலிம்பிக் அறுவடை 2012லேயே முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. 2016க்கு மிஞ்சியது தூசியும் டிராஃபிக்கும்தான்.

கெட்ட செய்திகள் எதற்கும் தடைக்கெடு கிடையாது. ஏப்ரல் 21இல் கடலோர சைக்கிள் பாதை அலையடித்து இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அது மாநகராட்சி கட்டியது. ஜூன் 17இல் ரியோ மாநில அரசு நிதிப் பேரிடர் அறிவித்தது. மாநில ஊழியர் சம்பளத்துக்கு மேயர் பொறுப்பில்லைதான். ஆனால் இரண்டு இடத்திலும் ஆண்டது ஒரே பி.எம்.டி.பி. கட்சி, சம்பளம் வராதவர் அதிகாரப் பட்டியலைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.

---

நாலாவது வார்டு:

கணக்குப்பிள்ளை சொன்னதில் காலண்டர் சரி. ஆனால் தோல்வியை ஒலிம்பிக் தலையில் கட்டுவதற்கு முன் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

முதல் சுற்று: கிரிவெல்லா 27.8, ஃப்ரெய்ஷோ 18.3, பெட்ரோ பாவுலோ 16.1, ஃபிளாவியோ போல்சனாரோ 14, பிறகு இந்தியோ ட கோஸ்டா, ஒசோரியோ இருவரும் 9ஐ ஒட்டி. இரண்டாம் இடத்துக்கு வேண்டியிருந்தது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். இந்த ஒசோரியோ யார்? ரியோவின் ஒலிம்பிக் விண்ணப்பக் குழுவில் முக்கியப் புள்ளி, பாயிஸின் நிர்வாகத்தில் போக்குவரத்துச் செயலாளர். ஒலிம்பிக் ஓட்டு என்று ஒன்று இருந்திருந்தால்கூட அது இரண்டு வேட்பாளருக்குப் பிரிந்திருக்கிறது. மேலே, பெட்ரோ பாவுலோ மீது சொந்த வாழ்க்கை சார்ந்த புகார் ஒன்று 2015 முதல் ஓடிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தபோது பிரச்சாரக் காலம் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் கிரிவெல்லா 59.4 சதவீதம். கேட்க ஜோராக இருக்கிறது. வாங்கியது சுமார் 17 லட்சம் ஓட்டு. வராதவர், வெற்று ஓட்டு, செல்லாத ஓட்டு சேர்ந்து 20 லட்சத்துக்கு மேல்.

பாயிஸ் 2018இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார். 2020இல் அதே கிரிவெல்லாவை 64 சதவீதம் எடுத்து வீழ்த்தி மேயராகத் திரும்பினார், 2024இல் முதல் சுற்றிலேயே 60 தாண்டினார். வேலை செய்தவர் என்ற பேர் அவரிடமே தங்கியிருக்கிறது. அதை வாரிசுக்குக் கைமாற்றத்தான் முடியவில்லை.

---

தேம்ஸ்கரை:

லண்டன் கதை இன்னும் வேடிக்கை. 2005 ஜூலை 6இல் சிங்கப்பூரில் ஒலிம்பிக் நடத்தும் வாய்ப்பை வென்றுவந்த மேயர் கென் லிவிங்ஸ்டன் 2008 மே மாதம் தேர்தலில் தோற்றார். அந்த ஆகஸ்டில் பெய்ஜிங் நிறைவு விழாவில் ஒலிம்பிக் கொடியை வாங்கியது போரிஸ் ஜான்சன்.

நடுவில் நடந்தது பட்ஜெட் வெடிப்பு. விண்ணப்பத்தின்போது அரசுப் பணம் சுமார் 240 கோடி பவுண்டு என்றார்கள். 2007 மார்ச்சில் 932.5 கோடி என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். லண்டன்வாசியின் வீட்டு வரியில் ஒலிம்பிக்குக்கென்று தனியாக, நடுத்தர 'டி' பிரிவு வீட்டுக்கு வருடம் 20 பவுண்டு. வாரக் கணக்கில் 38 பென்ஸ்தான். அந்தத் தொகையை வைத்து எந்த மேயரையும் கவிழ்க்க முடியாது. லிவிங்ஸ்டன் தோற்றதற்குக் காரணம் வேறு நிறைய.

2012இல் வாக்குப்பதிவு மே 3, தொடக்க விழா ஜூலை 27. பந்தல் போட்டு முடிவதற்குள் ஓட்டு எண்ணியாகிவிட்டது! ஜான்சன் 51.5, லிவிங்ஸ்டன் 48.5. பிரச்சாரம் முழுக்க பஸ், ரயில் கட்டணம்தான்: 7 சதவீதம் குறைப்பேன் என்றார் லிவிங்ஸ்டன். ஒலிம்பிக்கை இரண்டு பேரும் ஆதரித்ததால் அதை வைத்துச் சண்டை போட ஏதுமில்லை. மைதானத்துப் பக்கம் கிழக்கு லண்டன் வழக்கம்போல லிவிங்ஸ்டனின் லேபர் கட்சி பக்கமே நின்றது.

---

வடகரை:

பில் யார் மேல் விழுகிறது என்பதையும் சேருங்கள். மான்ட்ரியலின் ழான் த்ராபோ 1976 ஒலிம்பிக்கில் பெரும் கடன் வைத்தார், ஆனால் 1978இல் அமோகமாக ஜெயித்தார். காரணம், 1975 நவம்பரிலேயே கியூபெக் மாகாண அரசு கட்டுமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மைதானக் கடனை மாகாணத்தின் புகையிலை வரி 2006 வரை அடைத்தது. மேயருக்குப் பேர், புகைப்பவருக்குப் பில்.

ரோம் நேர்மாறு. கடன் கழுத்தை நெரித்த நகரம் அது. 2016 ஜூனில் வெர்ஜினியா ராஜ்ஜி 67 சதவீதத்தில் ஜெயித்து, செப்டம்பரில் 2024 விண்ணப்பத்தையே வேண்டாம் என்றார்.

---

கணக்குப்பிள்ளை:

பூத் கணக்கு பற்றி:

பிரேசில் தேர்தல் நீதிமன்றம் ஒவ்வொரு பூத்தின் முடிவையும் இலவசமாகத் தருகிறது. 2008, 2012, 2016 மூன்றையும் இறக்குங்கள். பூத் எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் இணையும், பிரியும். அதனால் பூத்தை நேரடியாக இணைக்காமல் வாக்குச்சாவடி இருக்கும் பள்ளி அளவில் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியிலிருந்து பேருந்துத் தட நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து ஒரு கிலோமீட்டருக்குள், வெளியே என்று பிரியுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது வகுக்கும் எண்ணில். அறிவிக்கும் சதவீதம் எல்லாம் செல்லுபடியான ஓட்டில் கணக்கிட்டது. 2016இல் வெற்றும் செல்லாததும் எக்கச்சக்கம் என்பதால் பதிவு செய்த மொத்த வாக்காளர் எண்ணால் வகுக்காவிட்டால் எல்லாமே கோணலாகும்.

ஒப்பிடுவதற்குக் கடற்கரைத் தென்பகுதியை எடுக்காதீர்கள், வருமானமே வேறு. டிரான்ஸ் பிரசில் தடத்தை எடுங்கள்: ஒலிம்பிக்குக்கு முன்பே அவெனிதா பிரசிலில் தோண்ட ஆரம்பித்து, வேலை நின்று, 2024இல்தான் பஸ் ஓடியது. தடம் கிடைத்த பகுதி ஒரு பக்கம், குழி மட்டும் கிடைத்த பகுதி மறுபக்கம்.

---

பூத்ஸ்லிப்:

டிரான்ஸ் பிரசில் யோசனை அருமை. 2012இல் நின்றது பாயிஸ், 2016இல் வேறு ஆள். அதை எப்படிச் சமாளிப்பது?

---

நாலாவது வார்டு:

அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். 2008 இரண்டாம் சுற்றிலும் 2012இலும் பாயிஸ் தானே நின்றார். 2008இல் அவருக்கு 50.8 சதவீதம்தான், ரியோவுக்குப் போட்டி கிடைத்ததோ 2009 அக்டோபரில். ஒன்று ஒலிம்பிக்குக்கு முந்தையது, மற்றது முதல் தடம் திறந்த பிறகு. 2008இல் எதிராளி ஒருவர், 2012இல் பலர் என்ற வித்தியாசம் எல்லாப் பகுதிக்கும் பொது. டிரான்ஸ் ஓஎஸ்தே ஓரத்தில் ஏற்றம் மற்ற இடத்தைவிட அதிகமா என்பதைத்தான் பார்க்கப்போகிறீர்கள். 2016க்குத் தனியாக ஒரு கணக்குப் போடும்போது பெட்ரோ பாவுலோ, ஒசோரியோ இருவரையும் கூட்டி ஒரு தடவை, கூட்டாமல் ஒரு தடவை பாருங்கள்.