துறை அருங்காட்சியகச் செப்புக்காசுகளில் வெளிர்பச்சைப் பொடி

கேள்வி:
பல்கலைக்கழகத் தொல்லியல் துறை அருங்காட்சியகம், சென்னை. சங்ககாலப் பாண்டியர் சதுரச் செப்புக்காசுகள் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில் வெல்வெட் துணிமேல் இருக்கின்றன. மழைக்காலத்துக்குப் பின் ஏழெட்டுக் காசுகளில் வெளிர்பச்சைப் பொடி; தட்டினால் உதிர்கிறது, அடியில் குழி. புளிக்கரைசலில் ஊறவைக்கலாமா? அதே தட்டில் சாதவாகனர் ஈயக்காசுகளும் உண்டு.

பதில் 1:
புளி வேண்டவே வேண்டாம். காசில் பொறித்த யானையும் மீனும் பல காசுகளில் செம்பின்மேல் படிந்த களிம்புப் படலத்தில்தான் நிற்கின்றன. அமிலம் அதைக் கரைத்தால் சின்னமும் போய்விடும்.

இது வெண்கல நோய். மண்ணின் உப்பால் உண்டான செம்புக் குளோரைடு களிம்புக்கு அடியில் தங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாகி அமிலத்தை விடும். அமிலம் நல்ல செம்பை அரித்து மறுபடி குளோரைடை உண்டாக்கும். ஈரப்பதம் 42 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் நிற்கும். 35 வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி விழும் காசுகளை இன்றே பிரித்து, ஊசித்துளை போட்ட பாலித்தீன் பைகளில் தனித்தனியே இடுங்கள். காற்றுப் புகாத 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உலர்ந்ததாக அரைக் கிலோ, ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்று. ஜெல்லின் நிறம் மாறட்டும் என்று காத்திருக்காமல் அட்டையைப் பாருங்கள். அட்டை 40-ஐ நெருங்கினால் ஜெல்லை 110 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு சூடாக்கி மறுபடி போடலாம்.

பதில் 2:
அடுத்தது மருந்து. முதலில் எடை, இருபக்கப் படம். உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியால் குழியிலுள்ள பொடியை எடுங்கள். அசிட்டோனில் கழுவி உலர்த்தி, 100 மில்லி எத்தனாலில் 3 கிராம் பென்சோட்ரையசோல் (செம்பின் அரிப்பைத் தடுக்கும் மருந்து) கரைத்து 24 மணி நேரம் ஊறவிடுங்கள். நஞ்சு அது, நைட்ரில் கையுறையும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டியும் கட்டாயம். பிறகு எத்தனாலில் அலசாவிட்டால் வெள்ளைப் படிகம் பூக்கும்.

மேற்பூச்சுக்கு அசிட்டோனில் 5 விழுக்காடு பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். சென்னை ஈரத்தில் அசிட்டோன் சட்டென ஆவியாகிக் குளிரும்போது நீர் படிந்து பூச்சு வெளுக்கும், ஆகவே ஏசி அறையில் பூசுங்கள்.

கேட்டவர்:
குளோரைடை வெளியேற்ற, சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற காரஉப்பின் 5 விழுக்காட்டுக் கரைசல் சரிவருமா?

பதில் 2:
மாதக்கணக்கில் ஊறவேண்டும், களிம்பின் நிறமும் மாறும். மெல்லிய காசுக்கு நான் சொல்லமாட்டேன். மின்பகுப்பும் (கரைசலில் மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்வது) வேண்டாம், களிம்பை முழுக்க உரித்துவிடும்.

பதில் 3:
ஈயக்காசுகளை இதே டப்பாவில் வைக்காதீர்கள். அவற்றுக்குப் பகை மரம்: பலகையிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகும். பவுடர் பூச்சுள்ள இரும்பு அலமாரி, அமிலமற்ற தாள் போதும். வெல்வெட்டையும் எடுத்துவிடுங்கள்.