பழைய நகர மண்டபச் சீரமைப்பு: உப்புப் பூத்த சுவருக்கு மீண்டும் சிமென்ட் பூசலாமா?

கடற்கரைத்தெரு:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரின் பழைய நகர மண்டபத்தைச் சீரமைக்க உள்ளூர் வரலாற்றுக் கழகத்தார் இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறோம். முருகைக்கல்லும் (கடலின் பவளப்பாறையில் வெட்டியெடுத்த கல்) சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள். மேலே தேக்கு உத்திரங்களின் மீது மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பால் இணைத்த மொட்டை மாடிக் கூரை. பிற்காலத்தில் உட்சுவர் முழுவதற்கும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பூச்சு ஆளுயரத்திற்கு உப்புப் பூத்து நிற்கிறது. பெயர்ந்து விழுந்த மூலையில் விரலை வைத்தால் கல் மாவாக உதிர்கிறது. பழையதைக் கொத்திவிட்டு, நீர் புகாத ரசாயனம் கலந்து மறுபடியும் சிமென்ட் பூசலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். இந்த மண்டபத்துத் திண்ணையில்தான் என் தந்தையார் நாள்தோறும் செய்தித்தாள் வாசித்தார். நன்கொடை இன்னொரு முறை திரளாது என்பதால், கைவைக்கும் முன் விவரம் அறிந்தவர்களைக் கேட்கிறேன்.

தேவிபட்டினம் கொத்தனார்:
ஐயா, தயவுசெய்து சிமென்ட் பூச ஒப்புக்கொள்ளாதீர்கள். கடலோர மண்ணின் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். சிமென்ட் வழியை அடைத்துவிடுவதால் அது இன்னும் உயரே ஏறி, உலரும் இடத்தில் உப்பு படிகமாகி, உள்ளிருந்தே கல்லைப் பொடியாக்கும். உங்கள் விரலில் ஒட்டிய மாவு அப்படி வந்ததுதான். சிமென்ட்டை இயந்திரம் வைத்து உடைக்காமல், உளியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுங்கள். பிறகு சுவரைச் சில மாதங்கள் காயவிட்டு, மேலே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போய்விடும். அதன் பின் நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பைக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் அரைத்து, மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். ஒரு படலம் இறுகும் முன் அடுத்ததை ஏற்றினால் வெடித்துவிடும். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். அருகில் கிடைக்கிறதே என்று கடல் மணலைக் கலந்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

பாம்பன்வாசி:
உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகப் புதிய முருகைக்கல் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டியெடுத்துத்தான் அந்தத் திட்டுகள் தேய்ந்தன. இடிந்த மதிற்சுவரின் கற்கள் உங்கள் வளாகத்திலேயே கிடந்தால் அவற்றை எண்ணிட்டு எடுத்து வைத்து, தேவையான இடத்தில் பொருத்துங்கள்.

மரவேலை_ராம்நாடு:
சுவரில் கைவைக்கும் முன் மேல்தளத்தைப் பாருங்கள். மழைநீர் மேலிருந்து இறங்கும்வரை எந்தப் பூச்சும் நிற்காது. குறிப்பாகச் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனைகளைச் சோதியுங்கள். வெளியே வைரம் பாய்ந்த மரமாகத் தெரிந்தாலும் செருகிய ஒரு சாண் நீளம் உளுத்துப் போயிருக்கக்கூடும். பொறியாளர் ஒருவரை வைத்து முட்டுக் கொடுக்காமல் எந்த உத்திரத்தையும் உருவ வேண்டாம்.

கடற்கரைத்தெரு:
மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்க நேற்றிரவுக் கூட்டத்தில் அனைவரும் இசைந்தார்கள். முதலில் தளத்தின் மழைநீர்த் தூம்புகளைச் சரிசெய்து, மேற்குச் சுவரில் மூன்றடிச் சதுரம் மட்டும் சிமென்ட்டைப் பெயர்த்துக் காயவிடுகிறோம். கொத்தனார் ஐயா ஒருநாள் வந்து பார்க்க இசைவார் என்றால் போக்குவரத்துச் செலவைக் கழகம் ஏற்கும். உத்திர முனைகளைப் படம் எடுத்து இங்கேயே இடுகிறேன்.