வெஸ்நாத்: இருட்டியதும் என் படை கரைந்துபோகிறது, எங்கே தவறுகிறேன்?

கருங்குதிரை

வணக்கம் நண்பர்களே. 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' ஆட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. சின்ன வயதிலிருந்து சதுரங்கம் ஆடுகிறவன் நான். கணினியில் போர் ஆட்டம் எதையும் இதற்கு முன் தொட்டதில்லை. "இலவசம்தான்பா, ஆளுக்கொரு டர்ன், நிதானமா யோசிச்சு ஆடலாம், உனக்குப் பிடிக்கும்" என்று என் பதினொரு வயது மகள்தான் நிறுவிக் கொடுத்தாள். பிடித்துவிட்டது. அதனால்தான் தோற்கும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பயிற்சிப் பகுதியை முடித்துவிட்டு, நேராகக் கணினியோடு ஒற்றைக்கு ஒற்றை இறங்கினேன். நான் லாயலிஸ்ட், அதாவது மனிதப் படை. அது நார்தர்னர், அதாவது ஓர்க் என்ற அரக்கர் படை. நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். கையில் 100 பொன். ஸ்பியர்மேன் (ஈட்டி வீரன்) ஒருவனுக்கு 14 என்பதால் ஏழு பேரை எடுத்தேன், மிச்சம் 2. எல்லாரையும் ஒரே வரிசையாக முன்னால் கொண்டுபோனேன். பகல் முடிவதற்குள் இரண்டு கிரண்ட் (ஓர்க் வாள்வீரர்கள்) காலி. மகள் கைதட்டினாள். அப்புறம் திரை இருண்டது. நான் நிற்கவில்லை, புல்வெளியில் இன்னும் நான்கு கட்டம் முன்னேறினேன். அடுத்த இரண்டு டர்னில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்த ஒருவனை மூன்று கிரண்ட் சூழ்ந்து ஒரே டர்னில் முடித்துவிட்டார்கள்.

சதுரங்கத்தில் காயை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே ஒவ்வொரு அடியும் விழுமா விழாதா என்று பகடை தீர்மானிக்கிறது. அந்தப் பகடை கணினிக்குச் சாதகமாக விழுகிறதா? இல்லை, ஸ்பியர்மேனை மட்டுமே எடுத்தது தப்பா? அடுத்து எதை ஆடிப் பழகலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான். கதைப் போர்களில் 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நான்கே அத்தியாயங்கள், புதியவர்களுக்கானது. அதை முடித்துவிட்டு 'தி சவுத் கார்ட்' ஆடுங்கள். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் ஒருவன் செத்தால் 14 பொன் போச்சு, அவ்வளவுதான். கதைப் போரில் பிழைத்தவன் அனுபவத்தோடு அடுத்த அத்தியாயத்துக்கும் வருவான். ஆட்களைக் காப்பாற்றும் பழக்கம் அங்கேதான் தானாக வரும்.

இரண்டாம்ஜாமம்

பகடை உங்களை ஏமாற்றவில்லை நண்பரே. கணக்குப் போட்டே காட்டுகிறேன். இந்தக் கணக்கு புரிகிற வரைக்கும் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு நாளுக்கு ஆறு டர்ன்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் ஜாமம், இரண்டாம் ஜாமம். ஸ்பியர்மேன் பகல் ஆள். காலையிலும் பிற்பகலிலும் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பான், இரண்டு ஜாமத்திலும் 25 சதவீதம் குறைவாக அடிப்பான். ஓர்க்குக்கு அப்படியே தலைகீழ். விடியலும் அந்தியும் இருவருக்கும் சமம்.

ஸ்பியர்மேனின் ஈட்டி 7-3, அதாவது அடிக்கு 7 வீதம் மூன்று அடி. பகலில் அது 9-3, இரவில் 5-3. கிரண்டின் வாள் 9-2. பகலில் அது 7-2 ஆக இறங்கும், இரவில் 11-2 ஆக ஏறும். எல்லா அடியும் விழுந்தால் பகலில் நீங்கள் 27, அவன் 14. இரவில் நீங்கள் 15, அவன் 22. ஆள் அதே ஆள்தான், வெளிச்சம்தான் மாறியது.

இப்போது செத்த அந்த ஒருவனைப் பார்ப்போம். ஸ்பியர்மேனுக்கு 36 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி. மூன்று கிரண்ட் என்றால் ஆறு அடி. இரவில் அடிக்கு 11, நான்கு விழுந்தால் கதை முடிந்தது. புல்வெளியில் நின்றால் ஒவ்வொரு அடியும் விழ 60 சதவீத வாய்ப்பு. அப்படியானால் ஆறில் குறைந்தது நான்கு விழுவதற்கான வாய்ப்பு 54 சதவீதம்! பாதிக்கு மேல். அதே ஆள் ஒரு கிராமத்துக்குள் நின்றிருந்தால் அடி விழும் வாய்ப்பு 40ஆகக் குறையும், சாவதற்கான வாய்ப்பு வெறும் 18 சதவீதம். இதே சண்டை பகலில் நடந்திருந்தால் ஆறு அடியும் விழுந்தால்தான் சாவான். ஐந்து விழுந்தால்கூட 1 ஹெச்பியோடு நிற்பான். (வீரர்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும் குணங்களையும், உங்கள் ஆள் திருப்பி அடிப்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை.) நீங்கள் முன்னேறிய அந்த நான்கு கட்டம்தான் அவனைக் கொன்றது, பகடை அல்ல.

அதனால் அந்தி டர்ன் வந்ததும் கையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராமம், கோட்டை, மலை எதுவாக இருந்தாலும் உங்கள் ஆளுக்கு 60 சதவீதத் தற்காப்பு உண்டு, அதாவது அடி விழ 40 சதவீத வாய்ப்புதான். கிராமத்தில் இருப்பவனுக்கு உங்கள் டர்ன் தொடங்கும்போது 8 ஹெச்பி திரும்பவும் கிடைக்கும். ஆறு இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கரையில் நீங்கள் நில்லுங்கள், அடிக்க வருகிறவன் ஆற்றுக்குள்தான் நிற்க வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும் ஓர்க்கின் மேல் உங்கள் அடி விழ 80 சதவீத வாய்ப்பு. கணினிக்குப் பொறுமை கிடையாது, துரத்திக்கொண்டு வரும். இரண்டு ஜாமம் தாங்கிவிட்டால், விடியும்போது அதன் படை உங்கள் வாசலில், திறந்த வெளியில், அடிபட்டு நிற்கும். உங்கள் போர் அப்போதுதான் தொடங்குகிறது.

ஸ்பியர்மேன் நல்ல தேர்வுதான். தன்னைத் தாக்க வருகிறவனைக்கூட முந்திக்கொண்டு குத்துவான். ஆனால் ஏழும் அவனே வேண்டாம். கிரண்டிடம் வில் கிடையாது, தூரத்திலிருந்து அடித்தால் திருப்பி அடிக்க வழியில்லை. ஒரு போமேன் (வில்வீரன்) 14 பொன். மேஜ் (மந்திரவாதி) 20 பொன், விலைதான் அதிகம், ஆனால் எதிரி எங்கே ஒளிந்து நின்றாலும் மேஜின் அடி விழ 70 சதவீத வாய்ப்பு. முன்வரிசைக்கு ஒரு கேவல்ரிமேனும் (குதிரை வீரன்) எடுங்கள். வாள்வெட்டில் 30 சதவீதம் அவன்மேல் ஏறாது. அந்த 11 அடி அவனிடம் 8தான்.

இன்னொன்று, தாக்குவதற்கு முன் வரும் பெட்டியில் சேதக் கணக்கைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள்.

கருங்குதிரை

நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து மறுபடி ஆடினேன். மூன்று ஸ்பியர்மேன், ஒரு போமேன், ஒரு மேஜ், ஒரு கேவல்ரிமேன், மொத்தம் 93 பொன்.

அந்தி வந்ததும் அவளே "அப்பா, எல்லாரையும் கூப்பிடு" என்றாள். முதல் ஜாமத்தில் ஒரு ஸ்பியர்மேன் கிராமத்துக்குள் நுழைந்தான். நீங்கள் எழுதியது போலவே மூன்று கிரண்ட் வந்தார்கள். முதல் இருவரும் ஆளுக்கு ஒரு அடி, 25, 14. மூன்றாமவனின் முதல் வெட்டும் விழுந்தது. 3 ஹெச்பி. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசி வெட்டு தவறியது. எங்கள் டர்ன் தொடங்கியதும் கிராமம் 8 கொடுத்து 11 ஆக்கியது. அவனைப் பின்னால் இழுத்துவிட்டு கேவல்ரிமேனை அந்த இடத்தில் நிறுத்தினோம். காலை டர்னில் போமேனும் மேஜும் சேர்ந்து ஒரு கிரண்டைத் திருப்பி அடிக்க விடாமலேயே சாய்த்தார்கள். ஒரு ராத்திரியில் நாங்கள் இழந்தது ஒருவரை மட்டும்.

இருவருக்கும் நன்றி. ஆட்டம் இன்னும் முடியவில்லை, சேமித்து வைத்திருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். என் தலைவர் லெப்டினென்ட். அவரைக் கோட்டையிலேயே உட்கார வைத்திருக்கிறேன். வெளியே அனுப்பலாமா?

இரண்டாம்ஜாமம்

அந்த 3 ஹெச்பி ஆளைப் பின்னால் இழுத்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லெப்டினென்ட்டைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் முன்வரிசையில் வேண்டாம். அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் 1ஆம் நிலை ஆட்கள் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பார்கள். இரவில் குறைகிற 25 அதிலேயே ஈடாகிவிடும், ஸ்பியர்மேனுக்குப் பழைய 7-3 கிடைக்கும். புது ஆள் எடுக்க அவர் கோட்டையின் மையக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் கையில் 14 பொன் சேர எத்தனை டர்ன் ஆகும் என்று பார்த்து, அதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்திலேயே வைத்திருங்கள்.