பார்வோ கிட் நெகட்டிவ், ஆனால் வெள்ளை அணுக்கள் 2,100தான்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எங்கள் ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு மூன்று மாதம். இரண்டாவது தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுவிட்டோம்; தப்பு எங்களுடையதுதான். முந்தாநாள் முதல் வாந்தி, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு ரத்தபேதி. மலத்தில் எடுத்த கிட் டெஸ்ட்டில் பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) நெகட்டிவ். ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 2,100தான். குறைந்தது 5,000, 6,000 இருக்க வேண்டுமாம். இந்த வைரஸ் குடலோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் அணுக்கள் இப்படிச் சரியும், பேதி தண்ணீராகப் போனால் கிட் ஏமாற்றவும் செய்யும் என்கிறார் டாக்டர். டிரிப்ஸ் ஏறுகிறது.

பிசிஆர் (லேபில் வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சென்னையில் எங்கே கொடுத்தீர்கள், முடிவு வர எத்தனை நாள் ஆனது? அணுக்கள் எப்போது ஏறத் தொடங்கின? தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துத்தான் துடைக்கிறேன்; சாதாரண பினாயிலுக்கெல்லாம் இந்தக் கிருமி அசையாதாம்.