இருபது வளைவுக்கு இருபது பாட்டு

குழு: அப்புச்சி வீடு
31 டிசம்பர் 2024, செவ்வாய்

நான் (காலை 9:12)
எல்லோருக்கும் வணக்கம். வருடா வருடம் போடும் பாட்டுப் பட்டியல் தயார். நாளைக்குச் சித்தி வீட்டுக்கு ஏற்காடு மலை ஏறும்போது காரில் இதுதான் ஓடும். அடிவாரம் தாண்டினால் நெட் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு, இருபது பாட்டு. முதல் இடத்துப் பாட்டு கடைசி வளைவில்.

அண்ணன் பெங்களூர் (9:14)
இருபதும் இருக்கட்டும். முதல் இடம் யாருக்கு?

பாப்பா ஏற்காடு (9:14)
அக்கா, அனிருத் எத்தனை???

நான் (9:19)
முதல் இடம் "தினம் தினமும்". விடுதலை இரண்டாம் பாகம். இளையராஜாவே இசையமைத்து, அனன்யா பட்டோடு அவரே பாடியது. படம் வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, ஆனால் பாட்டு நவம்பரிலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து வாழப்பாடி பஸ்ஸில் தினமும் கேட்கிறேன்.
இரண்டாவது "யாரோ இவன் யாரோ". மெய்யழகன். கோவிந்த் வசந்தா இசை, கமல் பாடியது.

நான் (9:21)
ஆல்பம் என்று முழுதாக எடுத்தால் மெய்யழகன்தான் இந்த வருடத்தின் ஆல்பம். 96 படத்துக்கு இசையமைத்தவர், அதே இயக்குநர். எந்தப் பாட்டும் தன்னைப் பார் என்று கத்துவதில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அயோத்தியாப்பட்டணம் வந்துவிடும், நான் கவனிக்கவே மாட்டேன்.

மாமா (9:40)
கண்ணு, ஊரே ஆடிய மனசிலாயோ எங்கே?

நான் (9:43)
அது பட்டியலில் இல்லை மாமா. "சின்ன சின்ன கண்கள்" இல்லை, "திமிரி எழுடா"வும் இல்லை. மறந்துபோய் விடவில்லை, யோசித்துத்தான் விட்டேன்.

மாமா (9:44)
ஏன்?

நான் (9:51)
மூன்றிலுமே இறந்துபோனவர்களின் குரலைக் கணினியில் உண்டாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். "திமிரி எழுடா" லால் சலாம் படத்தில், சாகுல் ஹமீதும் பம்பா பாக்யாவும். "சின்ன சின்ன கண்கள்" கோட் படத்தில், பவதாரிணி. மனசிலாயோ வேட்டையனில், மலேசியா வாசுதேவன். சாகுல் ஹமீது 1997இல் போனவர், வாசுதேவன் 2011இல். ஒரே வருடத்தில் இப்படி மூன்று பாட்டு வந்தது இதுதான் எனக்குத் தெரிந்து முதல் தடவை. அவர்கள் கேட்டே இராத மெட்டு அது மாமா. என்னால் அவர்கள் பாடியதாக நினைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

மாமா (10:02)
நீ சொல்வது இருக்கட்டும். எங்கள் கொலுசுப் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பற்றவைக்கிற நேரத்தில் யாரும் பேச மாட்டோம், உனக்கே தெரியும். கண் கொலுசிலேயே இருக்க வேண்டும், ரேடியோ மட்டும் ஓடும். செப்டம்பர் மாதம் அந்தப் பாட்டு முதல் தடவை வந்தது. என்னோடு முப்பது வருடமாக வேலை செய்கிற அண்ணன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். தீயைக் குறைத்துவிட்டு, "இது வாசு குரல்தானே?" என்று கேட்டார். பாட்டு முடிகிற வரைக்கும் திரும்ப எடுக்கவில்லை. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மாமா (10:03)
அந்தப் பாட்டில் அவர் மகன் யுகேந்திரனும் கூடப் பாடியிருக்கிறார். பெற்ற மகனே பக்கத்தில் நிற்கும்போது நாம் என்ன சொல்வது?

நான் (10:05)
அதைப் படித்தேன் மாமா. அதனால்தான் தவறு என்று சொல்லவில்லை. என் பட்டியலில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாப்பா ஏற்காடு (10:06)
அண்ணா இதை எப்படிச் செய்கிறார்கள்? பழைய பாட்டிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டுவார்களா?

அண்ணன் பெங்களூர் (10:15)
வெட்டி ஒட்டுவது இல்லை பாப்பா. அவர் பாடிய பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து அந்தக் குரலின் தன்மையைக் கற்றுக்கொள்ள வைப்பார்கள். பிறகு புது மெட்டை உயிரோடு இருக்கிற ஒருவர் பாடித் தருவார். அந்தப் பாட்டின் மேல் பழைய குரலின் நிறத்தை ஏற்றுவார்கள். பொதுவாக இதுதான் வழி. சங்கதி, இழுப்பு, மூச்சு விடும் இடம் எல்லாம் கீழே பாடியவருடையது. நிறம் மட்டும் மற்றவருடையது.
லால் சலாமுக்கு இசையமைத்த ரகுமான் அந்த இரண்டு பேர் குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதையும் சொல்ல வேண்டும்.

நான் (10:18)
என்னை உறுத்துவது அந்தக் கீழே பாடியவர்தான் அண்ணா. மூச்சைப் பிடித்துப் பாடியது ஒருவர். நாம் கேட்டுக் கண் கலங்குவது இன்னொருவருக்காக.

அப்புச்சி (10:31)
[குரல் பதிவு, 1 நிமிடம் 24 நொடி]

மாமா (10:33)
இங்கே இரைச்சல், ஒன்றும் காதில் விழவில்லை. அப்பா என்ன சொல்கிறார், யாராவது எழுதுங்கள்.

நான் (10:42)
எழுதுகிறேன். அப்புச்சி சொன்னது:
"குரல் ஒருத்தருக்கு, முகம் ஒருத்தருக்கு என்பது நம் ஊருக்குப் புதுசு இல்லை சாமி. மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த உத்தமபுத்திரனில் பி.யு. சின்னப்பா தானே நடித்துத் தானே பாடினார். பத்து வருடம் கழித்து அதே கம்பெனி மந்திரி குமாரி எடுத்தது. வாராய் நீ வாராய் பாட்டில் வாயசைத்தது எஸ்.ஏ. நடராஜன், பாடியது திருச்சி லோகநாதன். அப்போதும் பழைய ஆட்கள், இது என்ன இரவல் குரல் என்று முகம் சுளித்ததை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புறம் டி.எம்.எஸ். குரல் இல்லாமல் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?"

அண்ணன் பெங்களூர் (10:44)
அப்புச்சி ஒரே பதிவில் 1940இலிருந்து 1950க்கு வந்துவிட்டார் 👏

அம்மா (10:50)
நாளைக்கு யார் யார் வருகிறீர்கள், தலைக்கணக்கு வேண்டும். தட்டுவடை செட்டுக்குத் தட்டுவடையும் பீட்ரூட்டும் நான் எடுத்துவருகிறேன்.

சித்தி ஏற்காடு (10:52)
சட்னி இங்கே அரைத்துவிடுகிறேன் அக்கா. நேற்றிலிருந்து குளிர் அதிகம், அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி மறக்காமல் போடுங்கள்.

நான் (11:20)
இடைவேளையில் இதைத்தான் யோசித்தேன் அப்புச்சி. லோகநாதன் இரவல் கொடுத்தார், சரி. ஆனால் கொடுத்தது அவர். மைக் முன்னால் நின்றார், மெட்டைக் கேட்டார், இந்த இடத்தில் கொஞ்சம் இழுக்கட்டுமா என்று கேட்க அவருக்கு வாய் இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடிந்திருக்கும்.

நான் (11:24)
இன்னொன்று. இயந்திரத்துக் குரலுக்கு வயது ஏறுவதில்லை. வாசுதேவன் பாடிய எந்த வருடத்துப் பதிவைக் கொடுத்தார்களோ அந்த வயதிலேயே நிற்கும். அதனால்தான் இளையராஜா எனக்கு முதல். அவருக்கு 81 வயது. குரல் முன்பு போல வழுக்கிக்கொண்டு போகவில்லை. அடியிலிருந்து கரகரவென்று வருகிறது, வரி முடிகிற இடத்தில் மெலிந்துவிடுகிறது. அதை அவர் மறைக்கவில்லை. காதல் பாட்டை அந்தக் குரலோடேயே பாடுகிறார். பஸ்ஸில் கேட்கும்போது பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தன் வீட்டம்மாவைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. கமலுக்கு இந்த நவம்பரில் 70 ஆனது. முதல் இரண்டு இடமும் இந்த வருடம் வயதான தொண்டைகளுக்குத்தான்.

அப்புச்சி (11:37)
[குரல் பதிவு, 9 நொடி]

பாப்பா ஏற்காடு (11:38)
மாமாவுக்காக நான் எழுதுகிறேன். "அவர் என் செட்டுதான். அந்தப் பாட்டை எனக்கு அனுப்பு."

நான் (11:39)
அனுப்பிவிட்டேன் அப்புச்சி.

பெரியம்மா (மதியம் 1:15)
இப்போதுதான் தறியை விட்டு எழுந்தேன். எல்லாம் படித்தேன். தங்கம், பவதாரிணி பாட்டையும் மற்ற இரண்டோடு சேர்த்துவிட்டாயே.

நான் (1:17)
அதிலும் அதே முறைதானே பெரியம்மா?

பெரியம்மா (1:26)
முறை எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி யுவன் சொன்னது தெரியும். பெங்களூரில் மெட்டுப் போடும்போதே இதை அக்கா பாடினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாராம். அக்கா உடம்பு தேறி வரட்டும், பாட வைக்கலாம் என்று இருந்தாராம். ஒரு மணி நேரத்தில் அக்கா போய்விட்டார் என்று செய்தி. அந்த மெட்டு அந்தப் பெண்ணுக்கென்று போட்டது. அதை வேறு யாரைப் பாட வைத்தாலும் அந்தத் தம்பிக்கு மனசு ஆறியிருக்காது. சும்மா விளம்பரத்துக்குச் செய்ததோடு இதை ஒன்றாக வைக்காதே.

மாமா (1:28)
அக்கா சொல்வது சரி.

அம்மா (1:31)
எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நான் (1:58)
பெரியம்மா, அரை மணி நேரமாக இதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஜனவரி 25ஆம் தேதி, 47 வயது. பாரதி படத்து "மயில் போல பொண்ணு ஒண்ணு" நாம் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பாடிய பாட்டு. அதற்குத்தான் தேசிய விருதும் வாங்கினார். கோட் பாட்டைக் கேட்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது, அதனாலேயே பாதியில் நிறுத்திவிடுவேன். நீங்கள் சொன்ன பிறகு முழுதாகக் கேட்டேன். நாளைக்குக் காரில் போடுகிறேன். ஆனால் எண் போட மனசு வரவில்லை. இருபதில் ஒன்றாக வேண்டாம், கிளம்பும்போது முதலில் அது ஓடட்டும்.

பெரியம்மா (1:59)
போதும் தங்கம்.

அண்ணன் பெங்களூர் (2:10)
சரி, மீதி எங்கே? மூன்றாவதிலிருந்து ஆளையே காணோம்.

நான் (2:24)
மூன்று: "தென்கிழக்கு", வாழை. சந்தோஷ் நாராயணன் இசை, பாடகி தீ பாடியது. அந்தப் படத்திலேயே "பாதவத்தி" இன்னும் பெரிய பாட்டு. ஆனால் அதை மலை ஏறும்போது வைக்க முடியாது. வாழைத்தார் சுமந்த பிள்ளைகள் லாரியோடு போன கதையின் ஒப்பாரி அது. ஒரு தடவைதான் முழுதாகக் கேட்டேன்.
நான்கு: "மினிக்கி மினிக்கி", தங்கலான். உமாதேவி எழுதி சிந்தூரி விஷால் பாடியது.
ஐந்து: "ஹே மின்னலே", அமரன். ஹரிசரண், ஸ்வேதா மோகன். இதற்கும் தங்கலானுக்கும் ஒரே ஆள், ஜி.வி. பிரகாஷ். அந்தப் பாட்டும் இந்தப் பாட்டும் ஒருவர் போட்டது என்று சொன்னால் எங்கள் பள்ளியில் யாரும் நம்பவில்லை.
ஆறு: "அடங்காத அசுரன்", ராயன். ரகுமானும் தனுஷும்.

பாப்பா ஏற்காடு (2:25)
வாட்டர் பாக்கெட்!!!

நான் (2:26)
ஏழு: அதே ராயன் படத்து "வாட்டர் பாக்கெட்". உனக்காகவே.

நான் (2:30)
ஜமா படத்தைச் சேலத்தில் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று தெரியாது. தெருக்கூத்துக் கலைஞர்களின் கதை, அதற்கும் இளையராஜாதான் இசை. அதிலிருந்து ஒன்று இருக்கிறது. கூத்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அவசியம் கேளுங்கள்.

அப்பா (2:41)
கேப்டன் பாட்டு?

நான் (2:49)
உங்களை விடுவேனா அப்பா. "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பதினொன்றாவது வளைவில். பொன்மனச் செல்வன் 1989 படம், அதனால் இந்த வருடத்துப் பாட்டு என்று கணக்கில் வராது. ஆனால் லப்பர் பந்து பார்க்கப் போனபோது நம் வரிசையில் இருந்த அத்தனை பேரும் பாடினார்களே. கேப்டன் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நீங்கள் கையைத் தட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். ஷான் ரோல்டன் அந்தப் படத்துக்கு நன்றாகவே பாட்டுப் போட்டிருக்கிறார், அதில் இரண்டு எடுத்திருக்கிறேன்.

அப்பா (2:50)
🙏

மாமா (மாலை 5:35)
பட்டறை மூடியாயிற்று. கண்ணு, மனசிலாயோ?

நான் (5:44)
ஏறும்போது இல்லை மாமா. ஆனால் இறங்கும்போது நான்கு பாட்டு தனியாக வைத்திருக்கிறேன், அவரவர் தாங்களே நின்று பாடியது. முதல் மரியாதையிலிருந்து "பூங்காற்று திரும்புமா". திருடா திருடாவிலிருந்து சாகுல் ஹமீதின் "ராசாத்தி", வாத்தியமே பெரிதாக இல்லாமல் மனிதக் குரல்களை மட்டும் வைத்துக் கட்டிய பாட்டு. பம்பா பாக்யாவுக்கு 2.0 படத்து "புள்ளினங்காள்". கடைசியில் "மயில் போல". உங்கள் பட்டறை அண்ணனுக்கும் அனுப்புங்கள்.

மாமா (5:46)
பூங்காற்று திரும்புமா ஒன்று போதும் எனக்கு. அவருக்கு அனுப்பிவிட்டேன். மனசிலாயோவைச் சித்தி வீட்டு வாசலில் நான் என் போனில் போட்டுக்கொள்கிறேன், நீயும் வந்து ஆட வேண்டும்.

நான் (5:46)
ஆடுகிறேன் மாமா.

அப்புச்சி (6:20)
[குரல் பதிவு, 38 நொடி]

நான் (6:29)
அப்புச்சி சொன்னது: "தினம் தினமும் நான்கு தடவை கேட்டேன். அவனுக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கும் வாங்குகிறது. உன் அம்மாயி இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு, இந்த வயசில் உங்களுக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு என்று திட்டியிருப்பாள். இருபதாவது வளைவு வரைக்கும் என்னைக் காக்க வைக்காதே. மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டியதும் போட்டுவிடு."

நான் (6:31)
பவதாரிணி பாட்டு முடிந்ததும் உங்கள் பாட்டுதான் அப்புச்சி. முன் சீட் உங்களுக்கு.

சித்தி ஏற்காடு (6:48)
இங்கே பனி இறங்கிவிட்டது, எதிர்வீடு தெரியவில்லை. காலையில் ஏழு மணிக்கு முன்னால் ஏறாதீர்கள். அக்கா, எத்தனை பேர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே, பால் சொல்ல வேண்டும்.

அம்மா (6:50)
பதினொன்று.