ரத்தத்தில் கையெழுத்துப் போட்டால் மீறவே முடியாதா? (கதை முடிச்சுகள் உடைக்கப்படும், பார்க்காதவர்கள் தள்ளி நிற்கவும்)

மூன்றாம்சாமம்:
2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சில்லிங் அட்வென்சர்ஸ் ஆஃப் சப்ரினா' பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினாறாவது பிறந்தநாளில் சூனியக்காரி சப்ரினா சாத்தானின் புத்தகத்தில் ரத்தத்தால் பெயரெழுத வேண்டும், எழுதினால் ஆன்மா அவனுக்கு. சரி, பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது எபிசோடிலேயே வக்கீல் வைத்து வாதாடி வெளியே வந்துவிடுகிறாள்! கோர்ட்டில் அவிழ்கிற முடிச்சுக்கு ரத்தம் எதற்கு? ஸ்டாம்ப் பேப்பர் போதுமே. திரைக்கதை எழுதியவர்களின் சோம்பேறித்தனம் இது.

குமாஸ்தா:
அந்த எபிசோடை இன்னொரு தடவை பாருங்கள். அவள் அப்போது கையெழுத்தே போடவில்லை, சடங்கிலிருந்து பாதியில் ஓடி வந்தவள். குழந்தையாக இருந்தபோது அவள் பெயரை அந்தப் புத்தகத்தில் எழுதியது அப்பா எட்வர்டு. மனிதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி வேண்டும், அதற்கு மகளை விலையாக வைத்தார். ஆனால் அதற்கு முன்பே அம்மா டயானா குழந்தைக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். அதற்குச் சாட்சி அத்தை ஹில்டா. கூண்டில் ஏறி அதைச் சொன்னதற்காக அவளைச் சூனியக்காரர்களின் சபையை விட்டே விலக்கிவிட்டார்கள். ஒரு சொத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த கேஸ் சார் இது. ரத்த விதி எங்கே உடைந்தது?

ஓலைச்சுவடி:
அப்பன் எழுதிக் கொடுத்து பிள்ளை மாட்டுவது நமக்குப் புதிதா? பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணப் பந்தலிலேயே கிழவர் வந்து "உன் பாட்டன் எழுதிய அடிமை ஓலை இதோ" என்று நிற்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது வெறும் படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் வெளியே வருகிறது. அவையோர் பாட்டனின் வேறு கையெழுத்தை எடுத்து வரச்சொல்லி ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் தலைமுறைக்கே கட்டு.

மூன்றாம்சாமம்:
ஓலைச்சுவடி அண்ணே, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்! ரத்தம் தேவையே இல்லை. 'சூப்பர்நேச்சுரல்' தொடரிலும் நாற்சந்திப் பிசாசு ஒரு முத்தத்தில் பேரத்தை முடிக்கிறது. வழக்கமான கெடு பத்து வருடம், நாயகன் டீனுக்கு மட்டும் ஒரே வருடம். கெடு முடிந்ததும் நரக நாய்கள் வந்து குதறிவிட்டுத்தானே போயின? அதே தொடரில் டீனின் கூட்டாளி பாபியின் ஆன்மாவைத் திருப்பித் தராமல் கிரௌலி என்ற பிசாசு இழுத்தடித்தான். கிரௌலி மனிதனாக வாழ்ந்து செத்தபோது புதைக்கப்பட்ட எலும்பைத் தோண்டியெடுக்க வைத்து 'கொளுத்தவா?' என்று மிரட்டித்தான் பாபி மீட்டான். ஆக, ஒப்பந்தத்தை நடத்துவது மிரட்டல், மந்திரம் இல்லை.

குமாஸ்தா:
முத்தம் தருவதற்கு வாய்விட்டுச் சம்மதிக்க வேண்டும். ரத்தத்துக்கு அது வேண்டாம், அங்கேதான் வித்தியாசம். சப்ரினாவின் பத்தாவது எபிசோடுக்கு வாருங்கள். பழைய காலத்தில் தூக்கிலிடப்பட்ட சூனியக்காரிகளின் ஆவிகள் ஊரையே அழிக்க வருகின்றன. அதை ஏற்பாடு செய்ததே சாத்தானின் கையாள்தான். வேறு வழியில்லாமல் புத்தகத்தில் ரத்தத்தால் எழுதுகிறாள், நரக நெருப்பை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுகிறாள், தலைமுடி வெளுத்துவிடுகிறது. அப்பட்டமான கட்டாயக் கையெழுத்து. நம் ஒப்பந்தச் சட்டத்தில் இது நிற்காது, பதினாறு வயது மைனர் வேறு. அந்த உலகத்தில் நிற்கிறது. மனசு என்ன நினைத்தது என்று ரத்தம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பயம்.

பழைய டிவிடி:
'ஏஞ்சல்' தொடரைப் பற்றி இன்னும் யாருமே வாய் திறக்கவில்லையே? வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் என்ற தீய சக்திகளின் வக்கீல் கம்பெனியில் வேலை செய்த லைலா, செத்த பிறகும் அந்தக் கம்பெனிக்கு ஊழியம் செய்கிறாள். நாயகன் ஏஞ்சலின் கூட்டாளி வெஸ்லி ஆவண அறைக்குள் புகுந்து அவளுடைய ஒப்பந்தத்தை எடுத்துக் கொளுத்துகிறான். மறுபடி டிராயரைத் திறந்தால் அதே காகிதம், கருகாமல். அவள் அதிர்ச்சியடைவதில்லை. முயற்சி செய்தானே என்று ஒரு பார்வை பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது என் கேள்வி. 2004-இல் கடைசி எபிசோடில் ஏஞ்சல், தான் மனிதனாக மாறுவான் என்ற தீர்க்கதரிசனத்தையே ரத்தக் கையெழுத்தால் எழுதிக் கொடுத்துவிடுகிறான். அவன் வாம்பயர். உடம்பில் ஓடுவது கசாப்புக் கடையில் வாங்கிய பன்றி ரத்தம். கையெழுத்து யாருடையது?

ஓலைச்சுவடி:
பன்றிக்குத்தான் இனி மனிதப் பிறவி கிடையாது போல.

குமாஸ்தா:
சிரித்துவிட்டேன். ஆனால் யாருடைய ரத்தம் என்பதைவிட யாரிடம் எழுதிக் கொடுத்தான் என்று பாருங்கள். எழுதி வாங்கிய ரகசியக் கூட்டமான கறுப்பு முள் வட்டத்துக்காரர்களை அன்றைக்கு ராத்திரியே ஏஞ்சலின் ஆட்கள் கொன்று தீர்த்துவிடுகிறார்கள். எழுதி வாங்கியவனே இல்லையென்றால் பத்திரத்தை வைத்து யார் வழக்குப் போடுவது?

மூன்றாம்சாமம்:
வட்டத்துக்கு மேலே இருக்கிற, அந்த வக்கீல் கம்பெனியின் முதலாளிகளான சீனியர் பார்ட்னர்கள் சாகவில்லையே. சந்துக்குள் டிராகனோடு பெரும்படையை அனுப்புகிறார்கள், தொடர் அங்கேயே நின்றுவிட்டது. ரத்தம் அவ்வளவு சக்தியுள்ளது என்றால் கட்டுப்படுத்த அத்தனை பெரிய படை எதற்கு? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் குமாஸ்தா.